கல்லுக்கு அடியில் வைத்த டோக்கன்

குழாய்ப் பாதையில் நடக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, இந்த முறை தங்கச்சிகளும் மூன்று பேர் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எண்கள் எனக்கு நன்றாக வரும், எழுத்துதான் மெதுவாக வரும். ஆபீசில் இருக்கும் பெண் தப்பான எழுத்தை மட்டும் திருத்தித் தருவதாகச் சொன்னாள். என் வார்த்தையில் கை வைக்கக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

நாற்பதாம் கிலோமீட்டர் கல்லிலிருந்து நாற்பத்து நான்காம் கல் வரை என் பாதை. பதினோரு வருஷம். அந்தத் தடத்தில் முதல் பொம்பளை லைன் வாக்கர் நான்தான். வேறு யாராவது தாங்கள்தான் என்று சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு முன்னால் பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். எந்த வாசலிலும் படிப்பைக் கேட்டார்கள். இந்தக் காண்ட்ராக்டர் ஒருவர்தான், "நடப்பியாம்மா?" என்று கேட்டார். நடப்பேன் என்றேன். அவ்வளவுதான் என் இன்டர்வியூ.

வேலையைப் பற்றி உங்களுக்கு டிரெயினிங்கில் சொல்லியிருப்பார்கள், நான் திரும்பச் சொல்லவில்லை. கடலோரத்திலிருந்து பெட்ரோல், டீசல் எண்ணெய் குழாயில் மண்ணுக்கு அடியில் வருகிறது. அதற்கு மேலே நாம் நடக்கிறோம், மண்ணைப் பார்க்கிறோம். யார் தோண்டினார்கள், யார் சுவர் எழுப்பினார்கள், எங்கே புல் கருகியிருக்கிறது, எங்கே வாசனை வருகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை. உங்கள் கழுத்தில் இன்று ஒரு மிஷின் தொங்குகிறது. நீங்கள் எங்கே போனீர்கள் என்று அது ஆபீசுக்குக் காட்டிக் கொடுக்கும். எங்களுக்கு இருந்தது ஒரு பித்தளை டோக்கன்.

அந்த டோக்கன் எண்ணெய் வரும் திசையிலேயே வரும். நாற்பத்தெட்டாம் கல்லில் ஒரு வால்வு கொட்டகை உண்டு. அங்கிருந்து காலையில், அந்தப் பக்கத்து நாலு கிலோமீட்டரை நடக்கும் சின்னப்பா டோக்கனை எடுத்துக்கொண்டு புறப்படுவார். நான் இந்தப் பக்கம் நாற்பதிலிருந்து வெறுங்கையோடு நடப்பேன். நாற்பத்து நான்காம் கல்லில் இருவரும் சந்திப்போம். அவர் கையிலிருந்து என் கைக்கு டோக்கன் மாறும். நான் அதை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்து, நாற்பதாம் கல் பக்கத்தில் எண்ணெய் வந்து சேரும் டெர்மினல் வாசலில் கொடுத்தால், சூப்பர்வைசர் அதைப் பலகையில் மாட்டுவார். எட்டு கிலோமீட்டரும் இன்று ஆள் நடந்தாயிற்று, பாதை சுத்தம் என்று அதற்கு அர்த்தம். மத்தியானம் ஜீப் அதைத் திரும்பக் கொட்டகைக்குக் கொண்டுபோகும்.

சின்னப்பா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டில் கன்னடம், என்னோடு தமிழ். பேச்சு எப்போதும் கேலிதான். "ஏம்மா கோவிந்தம்மா, இன்னிக்கும் லேட்டு. எண்ணெயே உனக்கு முன்னால போய்ச் சேர்ந்துடுச்சு" என்பார். "எண்ணெயப் பின்னால பம்பு வெச்சுத் தள்றாங்கண்ணா. என்னை யாரு தள்றாங்க?" என்பேன் நான். அவர் கொடுக்கும் டோக்கன் சூடாக இருக்கும். நாலு கிலோமீட்டர் ஒரு மனுஷனின் உள்ளங்கையில் இருந்து வந்த சூடு.

அவர் மனைவிக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயின. வாரம் இரண்டு காலை, செவ்வாயும் வெள்ளியும், ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். தொழிலாளி கார்டு இருந்ததால் காசில்லாமல் நடந்தது. வேலை இருந்தால் கார்டு, வேலை போனால் கார்டும் போகும். அவர் சூப்பர்வைசரிடம் போய் அந்த இரண்டு காலைக்கு மட்டும் வேறு ஆள் கேட்டார். "வேற ஆள் போட்டா ஒரேயடியா போட்டுடுவேன், பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறார் சூப்பர்வைசர்.

மறுநாள் கல்லின் மேல் உட்கார்ந்து சின்னப்பா அழுதார். கேலி பேசும் ஆள் அழுதால் பார்க்க முடியாது. யோசனை சொன்னது நான்தான், அவரில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பிற்பாடு எல்லோரும் அவரைத்தான் குற்றம் சொன்னார்கள்.

"அண்ணா, முந்தின நாள் சாயங்காலமே டோக்கனை எடுத்துட்டு சைக்கிள்ல வந்து இந்தக் கல்லுக்கு அடியில வெச்சுடுங்க. காலைல நான் எடுத்துக்கறேன். உங்க பக்கமும் கொஞ்சம் தூரம் நான் பாத்துட்டு வந்துடறேன்."

"தப்பாயிடாதாம்மா?"

"ரெண்டு நாள்தானேண்ணா. குழாய் எங்க ஓடிப்போவுது?"

அப்படித்தான் ஆரம்பித்தது. செவ்வாயும் வெள்ளியும் நான் கல்லுக்கு அடியில் கை விட்டு டோக்கனை எடுப்பேன். சில்லென்று ஈர மண்ணோடு இருக்கும். துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டு, அவர் பாதையில் ஏரி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். ஏரிக்கு அந்தப் பக்கம் நீலகிரித் தைல மரத் தோப்பு. அதற்குள்ளும் போனால் நான் டெர்மினலுக்கு நேரத்துக்கு வர முடியாது. அதனால் தோப்பை வாரத்தில் இரண்டு நாள் யாரும் பார்க்கவில்லை. பலகையில் மட்டும் டோக்கன் தினமும் தொங்கியது. இப்படியே ஏழெட்டு மாதம் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூர் ஆபீசிலிருந்து கணக்கு மேடம் வந்தார். பெரிய பதவி. தகப்பனார் காலத்திலிருந்தே பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. கம்பெனிக்கு லாபம் குறைந்திருக்கிறது, எந்தச் செலவை வெட்டலாம் என்று பார்க்க வருகிறார் என்று எங்களுக்குள் பேச்சு. நடக்கிற எங்கள் கூலியைத்தான் முதலில் வெட்டுவார்கள் என்று நினைத்தோம். ஒரு வியாழக்கிழமை, "நானும் உங்ககூட நடக்கறேம்மா" என்று வந்து நின்றார். காலில் பளபளவென்று ஷூ.

"மேடம், அந்த ஷூவ செம்மண்ணு தின்னுடும்" என்றேன்.

"தின்னட்டும்மா. மூணு வருஷமா கார்ப்பெட்டுல மட்டும்தான் நடந்துட்டு இருக்கு" என்றார்.

நடக்க நடக்க எனக்கு விளக்கிச் சொன்னார். கம்பெனியின் கணக்கை எனக்குப் புரிகிற மாதிரி சொன்ன முதல் ஆள் அவர்தான். "எண்ணெய் நம்முது இல்லம்மா. அடுத்தவங்க சரக்கை இங்கேருந்து அங்க கொண்டுபோய்க் குடுக்கறோம், அதுக்கு வாடகை வாங்கறோம். லாரிக்காரர் மாதிரி. அங்க எவ்ளோ உள்ள போச்சோ அவ்ளோ இங்க வெளிய வரணும். குறைஞ்சா நம்ம லாபத்துலேருந்துதான் ஈடு கட்டணும். இந்த வருஷம் குறையுது. கொஞ்சம் கொஞ்சமா, ஆனா விடாம குறையுது."

"டெய்ரிக்குப் பால் ஊத்தற மாதிரி" என்றேன். "வீட்ல அளந்தது ஒண்ணு, டெய்ரில அளந்தது ஒண்ணுன்னா, வழியில கேன்ல ஓட்டை இருக்கணும், இல்ல அளக்கறவன் கை சரியில்லாம இருக்கணும்."

மேடம் நின்றுவிட்டார். "இதைத்தாம்மா நான் பன்னெண்டு பக்கத்துல எழுதியிருக்கேன்" என்று சிரித்தார்.

கல்லுக்குப் போனோம். வியாழன் என்பதால் சின்னப்பா வந்திருந்தார். டோக்கனை என்னிடம் கொடுத்தார். மேடம் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "அட, சுடுது!" என்றார், குழந்தை மாதிரி. பிறகு கேட்டார்.

"தினமும் இப்படித்தானா? ஒரு நாளும் விட்டுப்போனது இல்லையா?"

சின்னப்பா தன் செருப்பைப் பார்த்தார். நான் அவர் மனைவியின் கார்டை நினைத்தேன். சூப்பர்வைசரின் முகத்தை நினைத்தேன்.

"தினமும்தான் மேடம்" என்றேன்.

மேடம் பெருமூச்சு விட்டார். "அப்போ வழியில ஓட்டை இல்ல. அளக்கற எடத்துலதான் தப்பு. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு." திரும்பி வரும்போது தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "திங்கக்கிழமைலேருந்து தொட்டி அளக்கறவரை வீட்ல இருக்கச் சொல்லிட்டு விசாரிக்கணும்."

தொட்டி அளப்பவர் ரஹீம் பாய். டெர்மினலில் எண்ணெய்த் தொட்டிக்கு மேல் ஏறி டேப்பை இறக்கி மட்டம் பார்ப்பவர். நான் டோக்கன் கொண்டுவரும் நேரத்தில் மேலேயிருந்து, "சலாம் அக்கா, ஊர்கோலம் முடிஞ்சுதா?" என்று கையை ஆட்டுவார். ஒரு சொட்டு மேலே சிந்தினாலும் துணியால் துடைத்துவிட்டு இறங்கும் மனுஷன். அன்றைக்கும் கையை ஆட்டினார். நான் பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை. தூக்க முடியவில்லை.

ஒருவரைக் காப்பாற்ற நான் சொன்ன பொய் எங்கே போய் விழுந்தது என்று பார்த்தீர்களா? அது காற்றில் போகவில்லை. தொட்டி மேல் நிற்கும் இன்னொருவர் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் வெள்ளி. கல்லுக்கு அடியிலிருந்து டோக்கனை எடுத்தேன். அன்று முந்தானையில் முடிந்துகொள்ளவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டேன். ஏரி வந்தது. வழக்கமாகத் திரும்பும் இடத்தில் கால் திரும்பவில்லை. நேரமானால் ஆகட்டும் என்று தோப்புக்குள் போனேன்.

உள்ளே போனதும் மூக்கில் அடித்தது. தைல வாசனைக்கு உள்ளே பெட்ரோல் வாசனை. நாற்பத்தாறாம் கல்லுக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் சருகு கிடந்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. காற்று போட்ட சருகு எல்லாத் திசையிலும் கிடக்கும். இது ஒரே பக்கமாக, துடைப்பத்தால் தள்ளிய மாதிரி கிடந்தது. குச்சியால் விலக்கினேன். மண் கறுத்து, ஈரமாக, மெல்லக் கொப்பளித்தது. யாரோ நம் குழாயில் திருட்டு வால்வு வைத்திருக்கிறான். அது அன்று தளர்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

இருபது அடி தள்ளி இரண்டு பொம்பளைகள் சருகு அரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு வந்த ஆள் காதிலிருந்து பீடியை எடுத்துவிட்டான். நான் கத்திய கத்தல் எனக்கே இன்னும் காதில் இருக்கிறது. கன்னடமா தமிழா என்று தெரியாது. கையில் இருந்த குச்சியை அவன்மேல் எறிந்தேன். "பைத்தியமா உனக்கு?" என்றான். "ஆமாண்டா, பைத்தியந்தான், ஓடுங்கடா!" என்று மூன்று பேரையும் ஏரிக்கரை வரை துரத்திவிட்டு, அங்கிருந்து ரோட்டோரக் கடைக்கு ஓடினேன். அங்கே ஒரு ரூபாய் போட்டுப் பேசும் போன் இருந்தது. கண்ட்ரோல் ரூம் நம்பரை நான் அட்டையைப் பார்க்காமலே போடுவேன்.

எடுத்தவர் இளம் இன்ஜினியர். நல்ல பிள்ளை.

"சார், தோப்புல ஒழுகுது. லைனை நிறுத்துங்க."

"யாரு, கோவிந்தம்மாவா? தோப்பு உங்க செக்‌ஷன் இல்லையே. சின்னப்பாதுதானே? அவர் காலைல அது வழியா நடந்துதானே வந்து உங்க கைல டோக்கன் குடுத்தாரு?"

"பெட்ரோல் வாசனை வருது சார், மண்ணு கொப்பளிக்குது" என்றேன்.

"அவருக்குத் தெரியாத வாசனை உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது? லைனை நிறுத்தினா எவ்ளோ நஷ்டம் தெரியுமா? சும்மா நிறுத்திட்டு நான் மேல என்ன பதில் சொல்றது? சூப்பர்வைசரை அனுப்பறேன், பாத்துட்டுச் சொல்லட்டும்."

சூப்பர்வைசர் ஜீப் எடுத்து வர முக்கால் மணி நேரம் ஆகும். பீடிக்காரன் ஏரிக்கரையில் எத்தனை நேரம் நிற்பான்? இன்னொருத்தன் வேறு பக்கமாக வந்தால்? என் கையில் டோக்கன் இருந்தது. இன்னும் சில்லென்றுதான் இருந்தது. நான் சொல்வதை இன்ஜினியர் நம்ப வேண்டுமென்றால் இந்த டோக்கனை அவர் நம்பக் கூடாது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், இன்னிக்கு சின்னப்பா நடக்கல. டோக்கன் கல்லுக்கு அடியில இருந்துச்சு. செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் அப்படித்தான். நான்தான் வெக்கச் சொன்னேன், நான்தான் எடுத்துக் குடுத்தேன். தோப்பை யாரும் பாக்கல சார். நேத்து மேடம்கிட்ட நான் சொன்னது பொய். இப்ப சொல்றது நிஜம். நிறுத்துங்க."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ கத்துவது கேட்டது. எண்ணெய் லைன் நின்றது.

கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். சின்னப்பா அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் வேலையை நான் போனில் பேசித் தீர்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் விசாரணை. ஓட்டையை அடைத்துவிட்டு வந்தவர்கள் அது பல மாதமாக இருக்கிறது என்று சொன்னார்கள். மேடத்தின் கணக்கில் குறைந்தது எங்கே போயிற்று என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் அப்போதே வெளியே போடச் சொன்னார். மேடத்தின் ஷூவில் நேற்றைய செம்மண் அப்படியே காய்ந்திருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பொய் சொன்னது உங்க தப்பும்மா. அதை நம்பினது என் தப்பு. ஏன் நம்பினேன் தெரியுமா? நான் ஏற்கெனவே எழுதி வெச்சிருந்ததுக்கு அது ஒத்து வந்துச்சு. ஒத்து வரலன்னா இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பேன்."

பிறகு சூப்பர்வைசரிடம் திரும்பினார். "வாரம் ரெண்டு காலைக்கு ஒரு மாத்து ஆள் கேட்டாராமே, உங்ககிட்டதானே கேட்டாரு?"

எனக்குப் பதினைந்து நாள் வேலையில்லை, சம்பளமும் இல்லை. அது சரியான தண்டனை, குறைவுகூட. ரஹீம் பாயின் வீட்டுக்கு மேடமே போய்த் தான் அவரைப் பற்றி எழுதியிருந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதே மேடம், நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாமே" என்றாராம் அவர். "தெரியாததாலதான் சொல்றேன்" என்றாராம் மேடம். சின்னப்பாவைப் பாதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் மேடம் மேலே சண்டை போட்டு, டெர்மினல் வாசலில் டோக்கன் வாங்கிப் பலகையில் மாட்டும் வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தார். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் மத்தியானத்துக்கு மேல் ஷிப்ட். கார்டு போகவில்லை. அவர் மனைவி அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தார்.

ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் மாற்று ஆள் என்கிற ஏற்பாடு அன்றைக்கு வந்ததுதான். உங்களில் சிலர் அந்த மாற்று ஆட்களாகத்தான் சேர்ந்திருக்கிறீர்கள். வருஷக் கணக்கு முடிந்ததும் மேடம் எனக்குப் போன் செய்து சொன்னார். "லாபம் ஏறியிருக்கும்மா. உங்க நடைச் செலவும் ஏறியிருக்கு. இந்தத் தடவை அதை வெட்டச் சொல்லி யாரும் கேக்கல."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். சின்னப்பா என்னோடு பேசவில்லை. இதையும் எழுத வேண்டும். அவர் இருக்கும் காலையெல்லாம் நான் நடந்து வந்து டோக்கனை நீட்டுவேன். அவர் கையை நீட்ட மாட்டார். "மேஜ மேல வை" என்பார். வைப்பேன். எடுத்து மாட்டுவார். கேலி இல்லை, லேட்டு என்ற பேச்சுகூட இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே போயிற்று. என் மேல் கோபமா, தன் மேலேயே கோபமா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று நினைத்தேன்.

ஒரு நாள் அவர் இடத்துக்கு வந்த புது ஆள் கல்லுக்கு வரவில்லை. நான் அரை மணி நேரம் காத்திருந்தேன். கல்லுக்கு அடியில் கை விட்டுப் பார்க்கவில்லை, அந்தப் பக்கமே குனியவில்லை. வெறுங்கையோடு திரும்பி டெர்மினல் வாசலில் போய் நின்றேன்.

"எங்க டோக்கன்?"

"இல்லண்ணா. அவன் வரல. அந்தப் பக்கம் இன்னிக்கு யாரும் பாக்கல."

என் வெறுங்கையை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். போனை எடுத்து மாற்று ஆளை அனுப்பச் சொன்னார். பலகையில் அன்றைய ஆணி காலியாகவே இருந்தது. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் டோக்கன் வந்தது. வழக்கம்போல மேஜை மேல் வைக்கப் போனேன். அதற்குள் அவர் கை நீண்டது.

"கைல குடும்மா" என்றார்.

கொடுத்தேன். விரலை மடக்கி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். உடனே பலகையில் மாட்டவில்லை.

"சூடா இருக்கு" என்றார். பிறகு, எத்தனையோ மாதத்துக்கு அப்புறம், "ஆனா லேட்டு" என்றார்.